சாயங்காலமாக இருந்த ஆற்றங்கரை: ஒரு இம்ப்ரெஷனிச ஓவியத்தின் வார்னிஷை எடுத்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த நிகழ்வை எழுத ஓவியத்தின் உரிமையாளர்கள் இருவரிடமும் அனுமதி வாங்கியிருக்கிறேன். அவர்களுடைய பெயர், ஊர் எதையும் குறிப்பிடவில்லை. பழைய ஓவியத்தைச் சுத்தம் செய்வது அழுக்கு எடுக்கும் வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், ஓவியப் பராமரிப்புக்கு வந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இந்தப் படத்தில் நான் கை வைத்தது ஒரு குடும்பம் இரண்டு தலைமுறையாகப் பார்த்துப் பழகிய ஒரு பொழுதின் மேல். அதை எப்படிக் கையாண்டோம், எங்கே தவறினேன், என்ன முடிவுக்கு வந்தோம் என்பது இதே வேலையில் இருப்பவர்களுக்கும், வீட்டில் இப்படி ஒரு படத்தை வைத்திருப்பவர்களுக்கும் உதவும் என்று நம்புகிறேன்.

படத்தைக் கொண்டுவந்தவர் அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா. அவருடைய அப்பா வெளிநாட்டில் வேலை பார்த்த காலத்தில் ஒரு ஏலத்தில் எடுத்தது. அப்பாவுக்குப் பிறகு படம் இவருக்கும் இவருடைய அண்ணனுக்கும் பொதுவாக வந்தது. சுவரில் தொங்கியது தங்கை வீட்டில், அண்ணன் இருப்பது வேறு நாட்டில். வலது கீழ் மூலையில் செம்பழுப்பு நிறத்தில் ஒரு கையெழுத்து இருந்தது. அதை 'ஸிஸ்லி' என்று படிக்கலாம்.

ஆல்ஃபிரெட் ஸிஸ்லி இம்ப்ரெஷனிஸ்டுகளில், அதாவது பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரான்சில் கணநேர ஒளியையும் நிறத்தையும் வரைய முயன்ற ஓவியர்களில், ஆற்றை விடாமல் வரைந்தவர். 1874-ல் பாரிஸில் நடந்த முதல் இம்ப்ரெஷனிசக் கண்காட்சியில் கலந்துகொண்டவர். 1876-ல் போர்-மார்லியில் ஸேன் ஆறு கரைபுரண்டபோது தெருவிலேயே தண்ணீர் நிற்பதை வரைந்தார், கடைசிக் காலத்தை லுவாங் ஆற்றங்கரையில் மோரே என்ற சிற்றூரில் கழித்தார். உயிரோடு இருந்தவரை அவர் படங்களுக்குப் பெரிய விலை கிடைக்கவில்லை. 1899 ஜனவரியில் இறந்தார். அடுத்த வருடமே அந்த வெள்ளப் படங்களில் ஒன்று 43,000 ஃபிராங்குக்குப் போனது. ஒருவருடைய விலை இப்படி ஏறும்போது, கையெழுத்தில்லாத ஆற்றங்கரைப் படங்களுக்கெல்லாம் கையெழுத்து முளைக்க ஆரம்பிக்கும். அதனால் அந்த மூலையைப் பார்த்தவுடனே எனக்குச் சந்தேகம்தான் வந்தது. ஆனால் அன்றைக்கு அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

அந்த அம்மா கேட்டது எளிமையான விஷயம். "தம்பி, தூசு படிஞ்சு மங்கிப் போயிருக்கு, கொஞ்சம் துடைச்சுக் குடுங்க, போதும்."

முதல் பார்வையில் தெரிந்தது

கேன்வாஸின் அளவு 65-க்கு 50 சென்டிமீட்டர். பிரான்சில் அந்தக் காலத்தில் ஆயத்தமாக விற்ற கேன்வாஸ்களில் நிலக்காட்சிக்கென்று இருந்த 15-ம் எண் அளவு இதுதான். அளவு, அடிப்பூச்சு எல்லாம் தயாராகக் கடையில் கிடைத்தன. கூடவே 1841-ல் ஜான் ராண்ட் என்ற ஓவியர் காப்புரிமை வாங்கிய தகரக் குழாயில் அடைத்த வண்ணமும் கிடைத்தது. இந்த இரண்டும் இருந்ததால்தான் அத்தனை பேர் ஆற்றங்கரையிலேயே உட்கார்ந்து படத்தை முடிக்க முடிந்தது. அதற்கு முன்பு வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைப்பார்கள், ஒருமுறை குத்தித் திறந்தால் மறுபடி சரியாக மூட வராது.

படத்தில் நடுவே அகலமாக ஆறு. இடது கரையில் ஐந்து பாப்லர் மரங்கள், அவற்றின் நிழல் தண்ணீரில் உடைந்து உடைந்து விழுகிறது. வலதுபக்கம் தட்டையான அடிப்பாகம் கொண்ட ஒரு படகு கட்டிக் கிடக்கிறது. தூரத்தில் ஒரு ஓட்டு வீட்டின் கூரை. கரையோரம் இரண்டே தீற்றலில், ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு, ஒரு பெண் குனிந்து நிற்கிறாள். பக்கத்தில் போனால் பெண் இல்லை, வண்ணம்தான் இருக்கிறது, நாலடி தள்ளி வந்தால் மறுபடி நிற்கிறாள். இதெல்லாம் ஒரு தேன் நிறத்துக்குள் அமிழ்ந்திருந்தது, தண்ணீர் முழுக்க தங்கம்.

பின்பக்கம் பார்த்தபோது அசல் துணிக்குப் பின்னால் இன்னொரு துணி பசை போட்டு ஒட்டப்பட்டிருந்தது. கிழிசலோ தளர்ச்சியோ இருந்தால் முன்பெல்லாம் இப்படித்தான் செய்வார்கள், சூடான இஸ்திரிப் பெட்டி வைத்து அழுத்துவார்கள். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் அதன் விளைவு தெரிந்தது. படகின் விளிம்பில், மரக்கிளைகளில், ஓவியர் தடிமனாக வைத்த வண்ண முகடுகள் எல்லாம் தலை தட்டையாகி, ஓரம் பிதுங்கி நின்றன. தூரிகை மயிர் இழுத்த கோடுகள் பள்ளத்தில் மட்டும் பிழைத்திருந்தன. இதைச் சரிசெய்ய வழியில்லை, நசுங்கிய முகடு திரும்ப எழாது.

புற ஊதா விளக்கில் படம் முழுக்கப் பச்சையாக ஒளிர்ந்தது, அதாவது வண்ணத்துக்கு மேல் பாதுகாப்புக்கும் பளபளப்புக்கும் பூசும் வார்னிஷ், இயற்கைப் பிசினில் செய்த பழையது. வானத்தில் நான்கைந்து இடங்கள் மட்டும் கருந்திட்டாகத் தெரிந்தன, அவை பிற்காலத்தில் யாரோ ஒட்டுப்போட்ட தீட்டல்கள். கையெழுத்தும் அந்தப் பச்சைக்கு மேலே கருப்பாக மிதந்தது. வார்னிஷுக்குக் கீழே இருக்கும் கையெழுத்து இப்படித் துல்லியமாகக் கருக்காது.

ஒரு தவறான தொடக்கம்

துடைத்தால் போதும் என்று அந்த அம்மா சொன்னதை நான் என் மொழியில் புரிந்துகொண்டேன். தூசு, அதன் கீழே மஞ்சளித்த வார்னிஷ், இரண்டையும் எடுக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டேன். வேலைத் திட்டத்தை எழுதினேன், அவரும் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டார். வார்னிஷ் என்றால் என்ன, அதை எடுத்தால் படம் எப்படி மாறும் என்று நான் காட்டவும் இல்லை, அவர் கேட்கவும் இல்லை.

முதல் வேலை மேல்தூசு. அதற்கு எச்சில்தான். கேட்க ஒருமாதிரி இருக்கும், ஆனால் உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்களிலும் இதைத்தான் செய்கிறார்கள், எச்சிலில் இருக்கும் நொதிகள் எண்ணெய்ப் பிசுக்கை மென்மையாக இளக்கும், பெரும்பாலும் வண்ணத்தைப் பாதிக்காது. குச்சியில் பஞ்சைச் சுற்றி, நாக்கில் நனைத்து, அழுத்தாமல் உருட்ட வேண்டும். தேய்க்கக் கூடாது. பஞ்சு சாம்பல் நிறமாக வந்தது. இரண்டு நாளில் அது முடிந்தது.

அப்புறம் வார்னிஷுக்குச் சோதனை. ஐசோஆக்டேன் என்ற கரைப்பானில் பத்து சதவீதம் எத்தனால் (ஆல்கஹால்) கலந்து ஆரம்பித்து, வேலை செய்யும் அளவுக்கு மட்டும் எத்தனாலைக் கூட்டிக்கொண்டு போவது வழக்கம். சோதனைக்காக வார்னிஷை எடுத்துப் பார்க்கும் சின்னச் சதுரத்தைச் சன்னல் என்போம், முதல் சன்னலை வானத்தின் இடது ஓரத்தில் திறந்தேன், தபால்தலையில் பாதி அளவு. பஞ்சு காப்பிக் கஷாய நிறத்தில் வந்தது. அந்தச் சதுரத்துக்குள் இருந்த வானம் தங்கமாக இல்லை. வெளிறிய நீலம், அதன் மேல் இழுத்துவிட்ட ஈய வெள்ளை, ஓரத்தில் இம்மியளவு ஊதா.

இரண்டாவது சன்னல் தண்ணீரில். அங்கும் அதேதான். தங்க அலை என்று தெரிந்தது உண்மையில் வெள்ளையும் கோபால்ட் நீலமும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த சின்னச் சின்னக் கிடைத் தீற்றல்கள்.

அன்று மாலை அந்த அம்மா தற்செயலாக வந்தார். சன்னல்களைக் காட்டினேன். எனக்குப் பெருமையாக இருந்தது, ஒளிக்க என்ன இருக்கிறது. அவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டார்:

"தம்பி, இது சாயங்காலம்தானே?"

அவருடைய அப்பா வேலை முடிந்து வந்து அந்தப் படத்துக்கு எதிரில்தான் உட்காருவாராம். "ஆத்துல சாயங்காலம் ஆயிடுச்சு, வாங்க சாப்பிடலாம்" என்று பிள்ளைகளைக் கூப்பிடுவாராம். அண்ணனும் தங்கையும் அந்தப் படத்துக்கு வைத்திருந்த பெயரே 'சாயங்காலம்'. நான் திறந்த இரண்டு சன்னலிலும் அந்தச் சாயங்காலம் இல்லை.

வேலையை அங்கேயே நிறுத்தினேன்.

நிறுத்திய பிறகு கண்டறிந்தவை

அந்த மஞ்சள் ஓவியர் போட்டதா, பிறகு வந்ததா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டியிருந்தது. வயதான இயற்கைப் பிசின் மஞ்சளிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒரு காலத்தில் படத்துக்கு 'பழைய பொன்னொளி' வரட்டும் என்று வார்னிஷிலேயே நிறம் கலந்து பூசும் பழக்கமும் வியாபாரிகளிடம் இருந்தது. ஓவியரே பூசியிருந்தால் அது படத்தின் ஒரு பகுதி, அதைத் தொட எனக்கு உரிமை கிடையாது.

ஏற்கெனவே விரிசல் விட்டிருந்த ஓர் இடத்தின் விளிம்பில் இருந்து, ஊசி முனையளவு கூட வராத ஒரு துணுக்கை எடுத்துப் பிசினில் பதித்து, குறுக்காக மெருகேற்றி நுண்ணோக்கியில் பார்த்தேன். கீழிருந்து மேலாக, வெள்ளை அடிப்பூச்சு, அதன் மேல் உலராமலேயே ஒன்றில் ஒன்று கலந்த நீலமும் வெள்ளையும், அதற்கு மேல் ஒரு மெல்லிய கருங்கோடு, அதற்கும் மேலேதான் வார்னிஷ். அந்தக் கருங்கோடு தூசும் புகைக்கரியும். வண்ணத்துக்கும் வார்னிஷுக்கும் நடுவில் அழுக்கு இருக்கிறது என்றால், படம் பல வருடம் வார்னிஷ் இல்லாமல் வெறுமனே தொங்கியிருக்கிறது, பிறகு யாரோ அழுக்கைக்கூடத் துடைக்காமல் மேலே பூசிவிட்டார்கள் என்று அர்த்தம். இந்த முழு வேலையிலும் எனக்கு மிகப் பெரிய தெளிவைக் கொடுத்தது தலைமுடியை விட மெல்லியதான அந்தக் கோடுதான்.

இம்ப்ரெஷனிஸ்டுகள் பலர் வார்னிஷையே விரும்பவில்லை. அவர்களில் ஒருவரான பிஸாரோ ஒரு நிலக்காட்சியின் பின்னால் தயவுசெய்து இந்தப் படத்துக்கு வார்னிஷ் பூசாதீர்கள் என்று எழுதியே வைத்தார். காரணம் இருக்கிறது. அவர்கள் நிழலுக்குப் பழுப்பும் கருப்பும் போடுவதை விட்டு நீலமும் ஊதாவும் போட்டவர்கள். பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் நிறங்கள் ஒன்றையொன்று எப்படித் தூக்கிவிடும் என்று செவ்ருல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1839-லேயே எழுதியிருந்தார். மஞ்சள் படலம் நீல ஒளியை விழுங்கும், ஊதாவை அடியோடு சாகடிக்கும். கருநிழல் நிறைந்த பழைய ஓவியம் ஒன்றில் மஞ்சளித்த வார்னிஷ் இருந்தால் படம் மங்கும், அவ்வளவுதான். இப்படிப்பட்ட படத்தில் இருந்தால் நிழல் எது வெளிச்சம் எது என்பதே குழம்பிப் போகும்.

வண்ணத்தில் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று காட்டும் எக்ஸ்-ரே ஒளிர்வுக் கருவியை வைத்துப் பார்த்ததில் வானத்தின் அசல் வெள்ளையில் ஈயமும் துத்தநாகமும் இருந்தன. மரங்களின் பச்சையில் செம்பும் ஆர்செனிக்கும் சேர்ந்து வந்தன, அது எமரால்ட் கிரீன், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓவியர்கள் விரும்பிய நச்சுப் பச்சை. வானத்தில் இருந்த ஒட்டுத் தீட்டல்களில் மட்டும் டைட்டானியம். டைட்டானியம் வெள்ளை ஓவிய வண்ணமாகப் புழக்கத்துக்கு வந்தது 1920-களையொட்டித்தான், ஆகவே அந்த ஒட்டுகள் அதற்குப் பிந்தியவை. படம் அதற்கு முந்தியதாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு, ஆனால் உறுதி என்று சொல்ல இது மட்டும் போதாது, பழைய நிறமியைப் பிற்காலத்திலும் ஒருவர் வாங்கியிருக்கலாம்.

அகச்சிவப்புப் படத்தில் அடியில் ஏழெட்டுக் கோடுகள் தெரிந்தன, அடிவானமும் கரையின் வளைவும் மட்டும். ஜெர்மனியின் கோல்ன் நகரில் உள்ள வால்ராஃப்-ரிஷார்ட்ஸ் அருங்காட்சியகத்தில் இம்ப்ரெஷனிஸ்டுகளில் ஒருவரான மோனே வரைந்ததாக வைத்திருந்த ஸேன் ஆற்றங்கரைப் படம் ஒன்று போலி என்று 2008-ல் தெரியவந்தது. வண்ணத்துக்கு அடியில் மறைந்திருந்த முன்வரைவும், பழசாகக் காட்டப் பூசிய நிறமில்லாத ஒரு பொருளும், திரும்ப எழுதிய கையெழுத்தும்தான் அதைக் காட்டிக்கொடுத்தன. அதனால் கோடுகளைப் பார்த்ததும் கொஞ்சம் பதறினேன். ஆனால் இங்கே இருந்தவை இடத்தைக் குறித்துக்கொள்ளும் கோடுகள், இன்னொரு படத்தைப் பார்த்து எடுத்த நகலின் கோடுகள் மாதிரி இல்லை. கரையின் சேற்று வண்ணத்தில் ஒரு பூச்சியின் சிறகுத் துண்டும் ஒட்டியிருந்தது. மோனே 1870-ல் துரூவில் கடற்கரையில் வரைந்த படம் ஒன்று லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது, அதன் வண்ணத்தில் மணல் துகள்கள் இருக்கின்றன. சிறகுத் துண்டை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, திறந்த சன்னல் வழியாகவும் பூச்சி வரும். இருந்தாலும் அதைப் பார்த்த அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

எடுத்த முடிவுகள்

மூன்று வழிகள் இருந்தன. வார்னிஷை அப்படியே விட்டு, இரண்டு சன்னல்களை மட்டும் நிறம் சேர்த்து மூடிவிடுவது. வார்னிஷை மெலிதாக்கி, பாதி மஞ்சளோடு நிறுத்துவது. முழுவதும் எடுப்பது. முதல் வழி நிஜமாகவே ஒரு வழிதான் என்று நான் அந்த அம்மாவிடம் சொன்னேன். இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் என் விருப்பம் மூன்றாவது. ஆனால் படம் அவர்களுடையது, அந்தச் சாயங்காலமும் அவர்கள் வாழ்க்கையில் நடந்த ஒன்று.

அவசரப்பட வேண்டாம் என்று முடிவெடுத்தோம். அவர் மூன்று வாரத்தில் மூன்று தடவை வந்தார், ஒவ்வொரு தடவையும் வேறு நேரத்தில். நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். மூன்றாவது தடவை தண்ணீரில் இருந்த சன்னலைக் காட்டி, "இதுல மட்டும்தான் தம்பி தண்ணி ஓடுது, மத்த இடத்துல நிக்குது" என்றார். பல வருடம் பயின்றவர்கள் சொல்லத் திணறும் விஷயம் அது. ஈரத்தின் மேல் ஈரமாக வைத்த தீற்றல்களில் நீலமும் வெள்ளையும் மாறி மாறி வருவதால்தான் கண் ஓர் இடத்தில் நிற்காமல் நகர்கிறது, அந்த நகர்வைத்தான் தண்ணீர் ஓடுவதாக நாம் பார்க்கிறோம். மஞ்சளுக்குள் நீலமும் வெள்ளையும் ஒன்றாகிவிட்டால் நகர ஒன்றும் இல்லை.

முழுவதும் எடுக்கலாம் என்று அவரே சொன்னார். கூடவே ஒரு நிபந்தனை வைத்தார், அப்பாவின் சாயங்காலம் கொஞ்சமாவது இருக்க வேண்டும். அதற்கு எங்கள் தொழிலிலேயே வழி உண்டு. கீழ் விளிம்பில், சட்டத்தின் உதடு மறைக்கும் இடத்தில், ஒரு சென்டிமீட்டர் பட்டையைத் தொடாமல் விடுவது. பிறகு ஆராய்பவருக்குச் சாட்சியாக இருக்கட்டும் என்று இப்படி விடுவது உண்டு. இங்கே அது இரண்டு பேருக்குச் சாட்சி.

பின்னால் ஒட்டிய துணியை எடுக்க வேண்டாம் என்பது இரண்டாவது முடிவு. அது பிடிப்பாகத்தான் இருந்தது. எடுத்தால் ஈரமும் வெப்பமும் படத்துக்குள் போகும், நசுங்கிய முகடுகள் திரும்பி வரப்போவதும் இல்லை.

கையெழுத்து மூன்றாவது. அண்ணன் தொலைபேசியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், "அதைத் தொடக் கூடாது, படத்துக்கு மதிப்பே அதுதான்." போலி என்று எனக்குத் தெரியும், ஆனாலும் இரண்டு உரிமையாளர்களும் எழுத்தில் சம்மதிக்காமல் தொடுவதில்லை என்று நின்றேன். கையெழுத்தைச் சுற்றி ஒரு தீவு மாதிரி வார்னிஷை விட்டுவிட்டு மற்ற இடத்தைச் செய்வது என்று பேசிக்கொண்டோம்.

வேலையும் அதில் நடந்த சேதமும்

சுத்தம் செய்யும் வேலை நான்கு மாதம் ஆனது. ஒரு நேரத்தில் இரண்டு சதுர சென்டிமீட்டர், அதற்கு மேல் போவதில்லை. வானமும் தண்ணீரும் நல்லபடியாக வந்தன. டைட்டானியம் கலந்த ஒட்டுகள் வார்னிஷோடு சேர்ந்து இளகி வந்துவிட்டன, அவற்றுக்குக் கீழே சின்னச் சின்ன உதிர்வுகள்தான் இருந்தன, பழைய ஒட்டுப் போட்டவர் தேவையைப் போல மூன்று மடங்கு இடத்தை மூடியிருந்தார்.

தவறு நடந்தது வலது கரையில், நாணல்களின் பிரதிபலிப்பில். அந்த இடம் கரும்பச்சை என்றே நினைத்தேன். தண்ணீரில் வேலை செய்த அதே கலவையோடு போனேன். மூன்றாவது உருட்டலில் பஞ்சின் ஓரம் லேசான ரோஜா நிறத்தில் வந்தது. கையை எடுத்துவிட்டேன், ஆனால் அதற்குள் சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவு இடத்தில் ஒரு மெல்லிய சிவப்புப் படலம் மெலிந்து போயிருந்தது.

பச்சை மேல் ஓவியர் சிவப்புச் சாய நிறமியைக் கண்ணாடி மாதிரி இழுத்துவிட்டிருந்தார், மஞ்சிட்டி இனச் செடியின் வேரில் இருந்து எடுக்கும் சிவப்பு. பச்சையை ஆழமாக்க, கருப்பு போடாமல் அதன் எதிர்நிறத்தைப் போடுவது அந்தக் காலத்து ஓவியர்களின் வழி. வண்ணத்தோடு பிசினும் கலந்திருந்தார் போலிருக்கிறது, அதனால் வார்னிஷைக் கரைக்கும் கலவை அதையும் கரைத்தது. இந்தச் சிவப்பு புற ஊதா ஒளியில் ஆரஞ்சாக ஒளிரும், முன்கூட்டியே காட்டியிருக்க வேண்டும். காட்டவில்லை, ஏனென்றால் மேலே இருந்த வார்னிஷின் பச்சை ஒளிர்வு அதை மூடிவிட்டது. வார்னிஷ் போன பிறகு அதே விளக்கைப் போட்டேன். நாணல் முழுக்கத் தணல் மாதிரி ஒளிர்ந்தது.

அன்றைக்கே இரண்டு உரிமையாளர்களுக்கும் புகைப்படத்தோடு எழுதிவிட்டேன். மறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது, ஆனால் படத்தின் கோப்பில் அது இருக்க வேண்டும், நாளைக்கு இன்னொருவர் அந்த இடத்தைப் பார்த்து ஓவியர் அங்கே மெலிதாக விட்டார் என்று எழுதிவிடக் கூடாது. அந்த நாணல் பகுதியில் மீதி வேலையை மிகவும் பலவீனமான கலவையோடு, நுண்ணோக்கிக்கு அடியில் செய்தேன், ஒரு மெல்லிய வார்னிஷ் படலத்தை வேண்டுமென்றே விட்டேன். மெலிந்த இடத்தில் எளிதில் எடுக்கக்கூடிய வண்ணத்தால் மிக மெல்லிய புள்ளிகள் வைத்தேன். நாலடி தள்ளி நின்றால் தெரியாது. எனக்குத் தெரியும்.

கையெழுத்து

வேலை முடியும் தறுவாயில் அண்ணன் நேரில் வந்தார். அதற்குள் மற்ற இடமெல்லாம் வெளிறிய வெளிச்சத்தில் இருந்தது, வலது மூலையில் மட்டும் ஒரு தேன்துளி மாதிரி மஞ்சள் தீவு, அதற்குள் அந்தப் பெயர். விவாதம் செய்யவில்லை. அவரை நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னேன்.

அந்தப் பெயரின் முதல் எழுத்து இரண்டு விரிசல்களைக் கடக்கிறது. வயதாகி வண்ணம் விரிசல் விட்ட பிறகு எழுதினால், எழுதும் வண்ணம் விரிசலுக்குள் வழியும். ஓவியர் படம் முடித்த அன்றே எழுதியிருந்தால் விரிசல் எழுத்தையும் சேர்த்துப் பிளந்திருக்கும். இங்கே செம்பழுப்பு வண்ணம் இரண்டு விரிசலுக்குள்ளும் இறங்கி, பள்ளத்தில் தேங்கிக் காய்ந்திருந்தது, எழுத்தில் உடைவே இல்லை. எழுத்துக்கு அடியில் மஞ்சள் வார்னிஷ் தெரிந்தது.

அவர் கண்ணை எடுக்காமலேயே கேட்டார், "அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்றேன், வெறும் கண்ணுக்கு இது தெரியாது. அவர் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, "எடுத்துடுங்க தம்பி" என்றார். எழுத்தில் சம்மதம் வாங்கினோம். கையெழுத்தை எல்லா ஒளியிலும் புகைப்படம் எடுத்து, ஒரு துணுக்கைக் குறுக்குவெட்டாகப் பாதுகாத்து வைத்த பிறகுதான் தீவை எடுத்தேன். அடியில் வேறு கையெழுத்து எதுவும் இல்லை, தண்ணீர் மட்டும்தான் இருந்தது, படகின் நிழல் அந்த மூலை வரை நீண்டிருந்தது. யார் வரைந்தது என்பதற்கு எங்களிடம் பதில் கிடையாது. ஸேன், உவாஸ், லுவாங் கரைகளில் வரைந்தவர்களில் பெயர் தெரிந்தவர்களை விடப் பெயர் தெரியாதவர்கள்தான் அதிகம், அவர்களில் ஒருவருக்குத் தண்ணீர் நன்றாகத் தெரிந்திருந்தது.

விளைவு

வார்னிஷ் பூசவில்லை. அதற்கு ஆதாரம் அந்தக் கருங்கோடு. பளபளப்பு போனதில் அந்த அம்மாவுக்கு முதலில் வருத்தம், படம் 'காய்ந்து போன மாதிரி' இருக்கிறது என்றார். எண்ணெய் குறைவாக, சுண்ணாம்பு மாதிரி வறண்ட மேற்பரப்பு வர வேண்டும் என்றுதான் இந்த வகை ஓவியர்கள் பலர் வேலை செய்தார்கள், அப்போதுதான் எந்தப் பக்கம் நின்றாலும் ஒளி கண்ணைக் கூசாமல் வண்ணம் வண்ணமாகத் தெரியும். பாதுகாப்புக்குச் சட்டத்திலேயே, படத்தைத் தொடாமல் இடைவெளி விட்டு, ஒளி அதிகம் திருப்பாத கண்ணாடி பொருத்தினோம். தூசு கண்ணாடியில் படியட்டும்.

இப்போது படத்தில் என்ன பொழுது என்று கேட்டால், காலை என்று சொல்லத் தோன்றும். ஆனால் அறிக்கையில் நான் காலை என்று எழுதவில்லை. எந்த ஆறு, எந்தத் திசை என்று தெரியாதபோது இடமிருந்து வரும் ஒளி கிழக்கா மேற்கா என்று சொல்ல முடியாது. மஞ்சள் ஓவியர் போட்டதில்லை, வெளிச்சம் வெண்மையும் நீலமுமானது, இவ்வளவுதான் எழுதினேன்.

எதை மாற்றிச் செய்வேன்

சோதனைச் சன்னல் திறப்பதற்கு முன்பே, மஞ்சளை நீக்கினால் படம் தோராயமாக எப்படி இருக்கும் என்று புகைப்படத்தில் நிறம் மாற்றிக் காட்டியிருப்பேன். நாணலில் நடந்ததற்குப் பிறகு, கரும்பச்சையாகத் தெரியும் எந்த இடத்திலும் முதல் உருட்டலை நுண்ணோக்கிக்கு அடியில்தான் செய்கிறேன், இருப்பதிலேயே பலவீனமான கலவையோடு, புற ஊதா விளக்கு ஒன்றும் காட்டாவிட்டாலும்கூட. ஒரு குடும்பத்தில் இரண்டு பேருக்குப் பொதுவான படம் என்றால் இரண்டு பேரோடும் முதல் நாளே பேசுகிறேன். அண்ணனைத் தொலைபேசியில் பிடிக்கவே நான் ஆறு வாரம் விட்டிருந்தேன், அவருடைய கோபத்தில் பாதி அதனால் வந்தது.

படத்தைக் கொண்டுவருபவர்களிடம் நிரப்பச் சொல்லும் தாளில் முதல் கேள்வியாக அளவும் ஓவியர் பெயரும்தான் இருந்தன. இப்போது அதற்கு மேலே ஒரு கேள்வி சேர்த்திருக்கிறேன்: 'இந்தப் படத்தில் நீங்கள் பார்ப்பதை உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள், வீட்டில் இதற்கு என்ன பெயர்?'

ஒரு வருடம் கழித்து நிலைமை பார்க்கப் போனேன். சட்டத்தைக் கழற்றிக் கீழ் விளிம்பைச் சோதித்தபோது அந்த அம்மா பேத்தியைக் கூப்பிட்டார். விரல் வைக்காமல், ஒரு சென்டிமீட்டர் பட்டையைக் காட்டி, "இதுதான் கொள்ளுத் தாத்தா பார்த்த ஆறு" என்றார். குழந்தை குனிந்து பார்த்துவிட்டு, மேலே இருந்த தண்ணீரையும் பார்த்தது, மறுபடி கீழே பார்த்தது. பட்டை உரியவோ வெளுக்கவோ இல்லை. சட்டத்தை மாட்டிவிட்டு வந்தேன்.